கல்லாவுக்குப் பின்னாலிருந்து: இடமும் மெனுவும்

உணவகம் தொடங்க நினைப்பவர்கள் இடம், மெனு இரண்டையும் பற்றிக் கேட்கலாம் என்று போன இதழில் அறிவித்திருந்தோம். ஒரு கட்டுக் கடிதம் வந்திருக்கிறது. பாதிப்பேர் இடத்தைப் பற்றிக் கேட்கிறார்கள், பாதிப்பேர் மெனுவைப் பற்றி. இரண்டையும் சேர்த்து ஒரே கேள்வியாகக் கேட்டவர் ஒருவர்கூட இல்லை. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன், அதனால் குறை சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. பாத்திரம் கழுவுமிடத்தில் தொடங்கி, அடுப்படி, சப்ளை, கல்லா என்று 26 வருடம் ஓடியிருக்கிறது. சொந்தமாக மூன்று கடை போட்டேன். முதல் கடையை 14 மாதத்தில் மூடினேன். கீழே வரும் பதில்களில் பாதி அந்த 14 மாதம் சொல்லிக்கொடுத்தது.

கேள்வி: இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று நாற்சந்தியை ஒட்டியது, எப்போதும் ஜனநடமாட்டம், வாடகை மிக அதிகம். இன்னொன்று ஐந்து நிமிட நடையில் உள்தெருவில், வாடகை பாதிக்கும் குறைவு. எதை எடுக்கலாம் ஐயா?

பதில்: உங்கள் கடிதம் இரண்டு பக்கம். சதுர அடி, அட்வான்ஸ், கதவின் அகலம் எல்லாம் இருக்கிறது. என்ன விற்கப்போகிறீர்கள் என்பது மட்டும் இல்லை. அது தெரியாமல் நான் எதைச் சொன்னாலும் ஜோசியம்தான்.

என் முதல் கடையின் கதையைச் சொல்கிறேன். ரயில் நிலையத்துக்குப் போகும் சாலை. காலை எட்டரையிலிருந்து பத்து மணிவரை அந்த நடைபாதையில் தோளோடு தோள் உரசிக்கொண்டு கூட்டம் போகும். இரண்டு நாள் நின்று பார்த்தேன், மூன்றாம் நாள் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். நான் போட்ட மெனு உட்கார்ந்து சாப்பிடுகிற ராத்திரிச் சாப்பாடு: சூப், சுட்ட கோழி, வறுத்த மீன், அப்புறம் இனிப்பு. ஆனால் என் பக்கத்து நடைபாதையில் போனவர்கள் வேலைக்குப் போகிறவர்கள். கையில் கடிகாரம், கண்ணில் ரயில். அவர்களுக்கு வேண்டியது கையில் பிடித்துக்கொண்டு நடக்கக்கூடிய ஏதாவது ஒன்று. அதே ஆட்கள் சாயங்காலம் பசியோடுதான் திரும்புவார்கள், எதிர்ப்பக்கமாக. நடுவில் இடுப்பளவு தடுப்புச் சுவர். என் போர்டு பளபளவென்று எரியும், அத்தனை பேரும் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே போவார்கள், ஒருவர் தாண்டி வந்ததில்லை. எதிரே மங்கலான பல்பு போட்ட ஒரு சின்னக் கடை. அங்கே நிற்க இடமிருக்காது. நான் கல்லாவில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டே அந்தக் கூட்டத்தை எண்ணிக்கொண்டிருப்பேன். எண்ணவேண்டிய நேரத்தில் எண்ணாமல் 14 மாதம் கழித்து எண்ணினேன்.

ஆக, நாற்சந்தியில் ஆள் நடமாட்டம் இருக்கிறது என்பது அரைச் செய்தி. யார், எந்தத் திசையில், எந்த மணியில், கையில் எவ்வளவு நேரத்தை வைத்துக்கொண்டு போகிறார்கள் என்பது மீதி. அழுத்தினால் எண் கூடும் சின்னக் கருவி கடைகளில் கிடைக்கும். இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், ஒரு கையில் ஒன்று. இடது கை, உங்கள் வாசலைத் தாண்டுகிற எல்லோருக்கும். வலது கை, நடையைத் தளர்த்துகிறவர்களுக்கும் கடைப்பக்கம் திரும்பிப் பார்க்கிறவர்களுக்கும் மட்டும். வேலை நாளில் காலை, மதியம், இரவு, அப்புறம் ஒரு விடுமுறை நாள் முழுக்க. மழை பெய்தால் அன்றும் போய் நில்லுங்கள். இடது கையில் 900 இருந்து வலது கையில் 20 இருந்தால் அது சாலை, சந்தை இல்லை.

இன்னொரு வேலையும் உண்டு. அந்த வட்டாரத்தில் நீங்கள் போட நினைக்கும் கடை மாதிரியே ஒன்று இருந்தால், திறந்தவுடன் போய் ஒரு காபி குடித்து பில் வாங்குங்கள். மூடும் நேரத்தில் இன்னொரு காபி, இன்னொரு பில். இரண்டு பில் எண்களுக்கும் உள்ள வித்தியாசம்தான் அவர்களுடைய நாள் வியாபாரம். எண் வரிசையாக ஓடுகிற கடையில்தான் இது நடக்கும், எல்லா இடத்திலும் நடக்காது.

இப்போது வாடகைக் கணக்கு. விற்பனையில் 100 வந்தால் சரக்குக்கு 30-ஐ ஒட்டி, சம்பளத்துக்கு 30-ஐ ஒட்டிப் போய்விடும். இரண்டும் சேர்ந்து 65-ஐத் தாண்டினால் கடை மூச்சுத் திணறும். வாடகை 10-க்குள் நிற்கவேண்டும். மின்சாரம், எரிவாயு, ரிப்பேர், உடைந்த தட்டு எல்லாம் போக 5, 6 கையில் நின்றால் நல்ல கடை. இதைத் தலைகீழாகப் போட்டுப் பாருங்கள். நாற்சந்திக் கடையின் ஒரு நாள் வாடகை, 12 பேர் சாப்பிட்டுத் தரும் பில்லுக்குச் சமம் என்று வையுங்கள். அப்படியானால் தினமும் 120 பேர் வரவேண்டும். உங்களுக்கு 40 நாற்காலிதானே, மூன்று தடவை நிரம்பினால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் எல்லோரும் சறுக்குகிறோம். நாலு பேர் டேபிளில் இரண்டு பேர் வந்து உட்கார்வார்கள், மீதி நாற்காலியில் பையை வைப்பார்கள். பத்து டேபிளும் நிரம்பிய கடையில் எண்ணிப்பார்த்தால் 25 தலைதான் இருக்கும். அப்போது 120 பேருக்கு ஐந்து தடவை நிரம்பவேண்டும். உட்கார்ந்தவர் 20 நிமிடத்தில் எழுந்து போகிற சாப்பாடாக இருந்தால் ஐந்து தடவை நடக்கும். ஒன்றரை மணி நேரம் பேசிக்கொண்டே சாப்பிடுகிற மெனுவை வைத்துக்கொண்டு அது நடக்காது. பார்த்தீர்களா, இடத்தைக் கேட்டீர்கள், பதில் மெனுவில் வந்து நிற்கிறது.

குடும்பத்தோடு வந்து நிதானமாகச் சாப்பிடுகிற கடை உங்கள் மனதில் இருந்தால் உள்தெரு போதும். தேடி வருகிறவர் ஐந்து நிமிடம் நடக்க யோசிக்கமாட்டார். அவசரச் சாப்பாடு என்றால் ஐந்து நிமிடம் என்பது கடல்.

கேள்வி: பத்தில் ஒன்பது உணவகங்கள் முதல் வருடத்திலேயே மூடிவிடுகின்றன என்கிறார்களே, உண்மையா? வீட்டில் இதைச் சொல்லியே தடுக்கிறார்கள்.

பதில்: அந்த எண்ணிக்கை வாய்வழியாக வளர்ந்தது. ஹெச். ஜி. பார்ஸாவும் மற்ற மூவரும் அமெரிக்காவின் கொலம்பஸ் நகர உணவகங்களை ஆராய்ந்து 2005-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் வருடத்தில் மூடியவை சுமார் 26 சதவீதம். மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட 60. வீட்டாரிடம் முதல் எண்ணை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதை மறைக்காதீர்கள். அதே ஆய்வில், மூடியதற்குக் காரணம் கேட்டபோது குடும்பத்துக்கு நேரம் கொடுக்க முடியாததும் வந்தது. ஆக, வீட்டில் தடுப்பவர்கள் தவறான எண்ணை வைத்துக்கொண்டு சரியான இடத்தில்தான் கை வைக்கிறார்கள்.

கேள்வி: 86 ஐட்டம் எழுதி வைத்திருக்கிறேன். மாஸ்டர் எல்லாவற்றையும் நன்றாகச் செய்வார். தம்பி மட்டும் பாதியைக் குறைக்கச் சொல்கிறான். வருகிறவர் கேட்டது இல்லை என்று திரும்பிவிட்டால் நஷ்டம்தானே?

பதில்: தம்பி கட்சியில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரும் கொஞ்சம் தயங்கித்தான் பாதி என்றிருக்கிறார்.

மாஸ்டர் 86-ஐயும் செய்வார், சந்தேகமில்லை. ஒவ்வொன்றாகச் செய்வார். சனிக்கிழமை இரவு எட்டு பத்துக்கு அடுப்படியில் போய் நில்லுங்கள். கம்பியில் ஏழு ஆர்டர் சீட்டு தொங்கும். அதில் ஐந்து சீட்டு பொரிக்கிற சட்டிக்கு. எண்ணெய்ச் சட்டிக்காரர் வேர்த்து வழிய நிற்பார், கோழியைப் போட்டதும் சூடு இறங்கும், எண்ணெய் குடித்துக்கொண்டு வெளுப்பாக வரும், மறுபடி போடுவார். நாலு அடி தள்ளி சூப் போடுகிறவர் கைகட்டி நிற்பார். வெளியே ஆறாம் டேபிள் மூன்றாம் தடவையாகக் கையைத் தூக்கும். ஐட்டம் அதிகமானதால் மட்டும் வந்த கோளாறு இல்லை இது. எந்த அடுப்புக்கு எத்தனை என்று பார்க்காமல் எழுதியதால் வந்தது. முதலில் உங்கள் 86-ஐயும் அடுப்பு வாரியாகப் பிரித்து எழுதுங்கள். ஒரே சட்டியின் தலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்திருந்தால் அங்கேயே வெட்டத் தொடங்கலாம்.

அடுத்து ஒரு பெரிய தாள். இடப்பக்கம் ஐட்டங்கள், மேலே சரக்குகள். எந்த ஐட்டத்துக்கு எந்தச் சரக்கு என்று புள்ளி வையுங்கள். வெங்காயத்தின் கீழே புள்ளி கொட்டிக் கிடக்கும், சரி. ஏதாவது ஒரு சரக்கின் கீழே ஒரே ஒரு புள்ளி இருந்தால் அதுதான் உங்கள் பணத்தைத் தின்னப்போகிற பேர்வழி. அந்த ஒரு ஐட்டத்தை நாளைக்கு இரண்டு பேர் கேட்பார்கள், நீங்கள் அரை கிலோ வாங்குவீர்கள், வியாழக்கிழமை குப்பைக்குப் போகும். அதைத் தூக்குங்கள், அல்லது அதே சரக்கில் இன்னும் இரண்டு ஐட்டம் செய்ய முடியுமா என்று மாஸ்டரைக் கேளுங்கள். நான் இப்படிச் செய்ததில் 70 இருந்தது 31 ஆனது, குளிர்பெட்டியில் ஒரு அடுக்கு முழுக்கக் காலியானது.

கேட்டது இல்லையென்றால் ஆள் திரும்பிவிடுவாரே என்கிறீர்கள். மெக்டொனால்ட் சகோதரர்கள் இருவரும் நன்றாக ஓடிக்கொண்டிருந்த கடையை 1948-இல் மூடி, 25 ஐட்டம் இருந்த மெனுவை ஒன்பதாக வெட்டிவிட்டுத் திறந்தார்கள். கணக்குப் பார்த்தபோது பெரும்பகுதி விற்பனை ஹாம்பர்கரிலிருந்துதான் வந்திருந்தது. ஆரம்பத்தில் பழைய வாடிக்கையாளர்கள் முறைத்தார்கள். அப்புறம் நடந்தது ஊரறிந்தது. நீங்கள் ஒன்பதுக்கு இறங்கவேண்டியதில்லை. முதல் மூன்று மாதம் 20, 25-க்குள் நில்லுங்கள்.

மெனுவைக் குறைக்கச் சொல்பவர்கள் எல்லோரும் ஜாம் கதை ஒன்றைச் சொல்வார்கள். ஷீனா ஐயங்கார், மார்க் லெப்பர் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு. ஒரு கடையில் ருசிபார்க்க 24 வகை ஜாம் வைத்த மேசையில் நின்றவர்களில் 3 சதவீதம்தான் வாங்கினார்கள், 6 வகை வைத்தபோது 30 சதவீதம். கேட்க ஜோராக இருக்கும். ஆனால் 2010-இல் இது போன்ற 50 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது சராசரி விளைவு பூஜ்யத்தை ஒட்டித்தான் இருந்தது. அதனால் நான் ஜாமை நம்பிக் குறைக்கச் சொல்லவில்லை. குளிர்பெட்டியையும் எண்ணெய்ச் சட்டியையும் பார்த்துச் சொல்கிறேன்.

மூன்று மாதம் ஓடிய பிறகு இரண்டாவது வெட்டு. மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் கஸவானாவும் டொனால்ட் ஸ்மித்தும் 1982-இல் ஒரு முறை சொன்னார்கள், இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஒவ்வொரு ஐட்டத்துக்கும் இரண்டு கேள்வி: நிறைய விற்கிறதா? ஒரு தட்டில் சரக்குச் செலவு போக நிறைய மிஞ்சுகிறதா? 20 ஐட்டம் இருந்தால் ஒவ்வொன்றின் நியாயமான பங்கு 5 சதவீதம். அதில் 70 சதவீதம், அதாவது 3.5 சதவீதம் விற்றாலே நன்றாக விற்கிற கணக்கில் சேர்க்கலாம். விற்கவும் விற்கிறது, மிஞ்சவும் மிஞ்சுகிறது என்றால் நட்சத்திரம். அதைத் தொடாதீர்கள், அளவையும் ருசியையும் காவல் காருங்கள். நிறைய விற்று, கொஞ்சமே மிஞ்சினால் உழவுக் குதிரை. நம் வாய்க்கு உழவு மாடு என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தைக் கூட்டிவருவது அதுதான், தூக்கினால் நட்சத்திரத்தைத் தின்ன வருகிறவரும் வரமாட்டார். தட்டில் பக்கத்தில் வைப்பதை மாற்றிச் செலவைக் குறைக்கப் பாருங்கள். மிஞ்சுகிறது, ஆனால் விற்கவில்லை என்றால் புதிர். பெயர் புரியவில்லையா, கார்டில் மூலையில் கிடக்கிறதா, சப்ளையர் அதை ருசித்ததே இல்லையா என்று பாருங்கள். என் கடையில் ஒரு புதிர் சப்ளையர்களுக்கு ஒரு மதியம் சாப்பிடக் கொடுத்ததிலேயே தீர்ந்தது. நாலாவது வகைக்கு அந்தப் பேராசிரியர்கள் நாய் என்று பெயர் வைத்தார்கள். நாய் மேல் என்ன கோபமோ. அதைத் தயங்காமல் தூக்கலாம், மாஸ்டருக்குப் பிடித்த ஐட்டமாக இருந்தாலும்.

கேள்வி: பார்த்திருக்கும் இடத்துக்கு எதிரிலும் பக்கத்திலுமாக ஏற்கெனவே நாலு உணவகங்கள். ஒதுங்கிவிடலாமா?

பதில்: நாலும் ஓடுகின்றனவா? ஓடினால் ஒதுங்கவேண்டாம். சாப்பிடுவதற்கென்றே ஜனம் வருகிற தெரு அது, அந்தப் பழக்கத்தை உண்டாக்கிய செலவு உங்களுடையது இல்லை. கடைகள் ஏன் ஒன்றையொன்று தேடிப் பக்கத்திலேயே போய் உட்கார்கின்றன என்பதற்குப் பொருளாதார அறிஞர் ஹெரால்ட் ஹோட்டலிங் 1929-இலேயே கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார். ஆனால் அவர்கள் செய்வதையே நீங்களும் செய்து, விலையைக் குறைத்து ஆளைப் பிடிக்கலாம் என்றால் கையைக் கடிக்கும். மதியம் ஒன்றேகாலுக்குப் போய் நின்று, அந்த நாலு கடை வாசலிலிருந்தும் யார் சாப்பிடாமல் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். தனியாக வந்தவரா, குழந்தையோடு வந்தவரா, இறைச்சி சாப்பிடாதவரா. உங்கள் மெனுவின் முதல் வரியை அவர் எழுதிக்கொடுப்பார்.

கேள்வி: என் மனைவி செய்யும் கோழிக் கிரேவிக்கு உறவில் எல்லோரும் அடிமை. அதையே முக்கிய ஐட்டமாக வைத்துக் கடை போடப்போகிறோம். தட்டுக்கு விலை எப்படிப் போடுவது?

பதில்: முதலில் அந்தக் கிரேவியை கிராமில் எழுதச் சொல்லுங்கள். "கைப்பிடி", "பார்த்துப் போடு" எல்லாம் வீட்டோடு. அவருக்குக் காய்ச்சல் வந்தால் வேறொருவர் அதையே செய்யவேண்டும்.

அப்புறம் எடைக் கணக்கு. எலும்பில்லாத கோழி ஒரு கிலோ வாங்கினால் வெந்தபின் 700, 750 கிராம்தான் நிற்கும். வெங்காயத்தில் தோலும் முனையும் போகப் பத்தில் ஒரு பங்கு குறையும். விலை போடும்போது வாங்கின எடையில் போடாமல், தட்டுக்கு வருகிற எடையில் போடுங்கள். அரிசி மட்டும் நமக்கு நண்பன், வெந்தால் எடை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறும். சரக்குச் செலவை 0.30-ஆல் வகுத்தால் ஒரு விலை வரும். அதைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள், வேதமாக வேண்டாம். சரக்குக்கு 20 போட்டு 50-க்கு விற்கிற தட்டில் செலவு 40 சதவீதம். சரக்குக்கு 5 போட்டு 20-க்கு விற்கிறதில் 25 சதவீதம். சதவீதத்தைப் பார்த்தால் இரண்டாவதுதான் உசத்தி. ஆனால் முதல் தட்டில் 30 மிஞ்சுகிறது, இரண்டாவதில் 15. இடத்தை வாடகைக்கு விட்டவர் மாதம் பிறந்தால் கேட்பது சதவீதத்தை இல்லை.

இதையெல்லாம் சரியாகப் போட்டுவிட்டு நான் ஏமாந்தது ஒரு கரண்டியில். இரண்டாவது கடையில் கிரேவி ஊற்ற 120 மில்லி கரண்டி. கைப்பிடி கழன்று போய்ப் பையன் புதிதாக ஒன்று வாங்கி வந்தான். பார்க்க அதே மாதிரி. இரண்டு மாதம் வியாபாரம் அமோகம், கல்லாவில் மட்டும் பணம் நிற்கவில்லை. திருட்டு என்றே நினைத்து ஆட்களைச் சந்தேகப்பட்டேன், இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. ஒரு நாள் ராத்திரி சும்மா அளவுக் குவளையில் தண்ணீரை மொண்டு ஊற்றிப் பார்த்தேன். 150 மில்லி. ஒவ்வொரு தட்டிலும் கால் பங்கு கூடுதலாகப் போய்க்கொண்டிருந்தது, ஒருவர்கூட அதற்காக என்னை வாழ்த்தவில்லை. பழைய கரண்டிக்குப் புதுக் கைப்பிடி போட்டேன்.

இன்னொன்று. உறவினர்கள் சாப்பிட்டது இறக்கின உடனே. கடையில் அது காத்திருக்கும். சூடாகவே வைப்பதென்றால் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல், குளிர வைப்பதென்றால் 5-க்குக் கீழே. நடுவில் இருப்பது கிருமி பெருகும் வெப்பம், ஏற்ற சூழ்நிலையில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பெரிய அண்டாவோடு குளிர்பெட்டியில் தள்ளினால் நடுப்பகுதி பல மணி நேரம் ஆறாது. உயரம் குறைந்த தட்டங்களில் பரப்பி, இரண்டு மணி நேரத்துக்குள் 21 டிகிரிக்கும், அடுத்த நாலு மணி நேரத்துக்குள் 5-க்கும் இறக்குங்கள். சோற்றுக்கும் இதே விதிதான். சோறு கெடாது என்ற நினைப்பில் வெளியே வைத்துவிட்டு மாட்டியவர்கள் உண்டு. இப்படி ஆறவைத்து மறுநாள் சூடாக்கிய கிரேவியை, யார் செய்தது என்று சொல்லாமல் அதே உறவினர்களுக்குப் பரிமாறுங்கள். அப்போதும் அடிமையாக இருந்தால் கடையைப் போடலாம்.

கேள்வி: முன்பு உணவகமாக இருந்து மூடிக்கிடக்கும் இடம் ஒன்று சுலபமாகக் கிடைக்கிறது. அடுப்படி, புகைக்கூண்டு எல்லாம் தயார். ராசியில்லாத இடம் என்று பயமுறுத்துகிறார்கள்.

பதில்: ராசி எனக்குத் தெரியாது. கழிவுநீர்க் குழாய் தெரியும். முன்பு நடத்தியவரைத் தேடிப்பிடித்து ஒரு டீ வாங்கிக்கொடுங்கள், மூடிய கடைக்காரர் மனம்விட்டுப் பேசுவார். அடுப்படிக் குழாயில் ஒரே சமயத்தில் நாலு வாளித் தண்ணீரை ஊற்றிப் பாருங்கள், சுழித்துக்கொண்டு நின்றால் எண்ணெய்ப் பசை அடைத்திருக்கிறது. பசையைப் பிடித்து நிறுத்தும் கிரீஸ் ட்ராப் தொட்டி இருக்கிறதா, கடைசியாக எப்போது அள்ளினார்கள் என்று கேளுங்கள். மும்முனை மின்சாரம் இருக்கிறதா, எத்தனை கிலோவாட்டுக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்கள்? காகிதம் ஒன்றைக் கொளுத்திப் புகைக்கூண்டுக்கு அடியில் பிடியுங்கள், புகை மேலே போகவேண்டும். அது எங்கே வெளியே வருகிறது என்று மாடிக்கே ஏறிப் பாருங்கள். என் இரண்டாவது கடையில் அது மூன்றாம் மாடி வீட்டுப் படுக்கையறை ஜன்னலுக்கு நேராகத் திறந்தது. அந்த அம்மா மூன்று மாதம் பொறுத்தார், நாலாவது மாதம் புகார் கொடுத்தார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. குழாயை மொட்டை மாடிவரை ஏற்ற ஆன செலவு என் ஆறு மாத லாபம்.

உணவு உரிமமும் தீயணைப்பு அனுமதியும் அந்த இடத்துக்குக் கிடைக்குமா என்பதை அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள். ஒப்பந்தத்தில், வேலை நடக்கிற மாதங்களுக்கு வாடகை விலக்கு கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் ஒரு மாதமாவது கிடைக்கும், கேட்காவிட்டால் யாரும் தரமாட்டார்கள்.

கேள்வி: இடம் சந்தாக இருந்தாலும் ஆன்லைன் டெலிவரியை நம்பி ஆரம்பிக்கலாமா?

பதில்: ஆப்காரர்களின் கமிஷன் பொதுவாக 15 முதல் 30 சதவீதம். மேலே வாடகைக்கு 10 என்று எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? வாடகையில் மிச்சம் பிடித்தது கமிஷனில் போகும். அதற்குத் தகுந்த விலையும் மெனுவும் இருந்தால் செய்யலாம். ஒவ்வொரு ஐட்டத்தையும் பார்சல் டப்பாவில் மூடி, அரை மணி நேரம் கழித்துத் திறந்து சாப்பிட்டுப் பாருங்கள். மொறுமொறுப்பாகப் பொரித்ததெல்லாம் தன் ஆவியிலேயே நனைந்து துவண்டிருக்கும். கிரேவியும் சோறும் பிழைத்துக்கொள்ளும்.

கேள்வி: மெனு கார்டு அச்சடித்துவிட்டோம். திறந்து ஆறு வாரம். எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று எப்படித் தெரிந்துகொள்வது? கேட்டால் எல்லோரும் "சூப்பர்" என்கிறார்கள்.

பதில்: முதலில், கார்டை ஏன் அவ்வளவு அவசரமாக அச்சடித்தீர்கள்? மூன்று மாதம் சாதாரணத் தாளில் ஓட்டியிருக்கலாம். சரி, போகட்டும்.

சாப்பிட்டவரைக் கேட்காதீர்கள். முகத்துக்கு நேரே குறை சொல்கிற ஆள் நூற்றில் இரண்டு பேர், அவர்களும் அன்றைக்கு வேறு கோபத்தில் இருப்பார்கள். பாத்திரம் கழுவுகிறவரைக் கேளுங்கள். தட்டில் என்ன மிச்சம் வருகிறது என்று கடையிலேயே அவருக்கு மட்டும்தான் தெரியும், அவரை யாரும் கேட்பதில்லை. நான் அந்த வேலையில் இருந்தபோது என்னையும் கேட்டதில்லை.

மூன்றாவது கடையில் ஒவ்வொரு தட்டிலும் ஓரமாக ஒரு சின்னக் கிண்ணம் சாலட் வைப்போம். தட்டு அழகாக இருக்கும் என்று நான் பிடிவாதமாக வைத்தது. ஒரு நாள் கழுவுமிடத்துப் பையன், "அண்ணே, அந்தக் கிண்ணத்துக்கு இனி கரண்டி போடாதீங்க, அதையும் சும்மாவே கழுவறேன்" என்றான். அன்றைக்கே தனியாக ஒரு வாளி வைத்து, திரும்பி வருகிற சாலட்டை மட்டும் அதில் கொட்டச் சொன்னேன். ஒரு வாரத்துக்கு 11 கிலோ. காய், நறுக்குகிற கை, கிண்ணம், கழுவுகிற தண்ணீர் என்று போட்டுப் பார்த்தால் ஒரு பையனின் பாதிச் சம்பளம் அந்த வாளியில் கிடந்தது. திங்கட்கிழமையிலிருந்து நிறுத்தினோம். ஒரு மாதத்தில் அதைக் கேட்டவர் ஒரே ஒருவர், வாரத்துக்கு இரண்டு நாள் வருகிற பெரியவர். அவர் வந்தால் மட்டும் இன்றைக்கும் ஒரு கிண்ணம் நறுக்குகிறோம், மெனுவில் கிடையாது.